எந்த ஃபார்முலா மிஸ்?

பிளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது பாடம் இயக்கவியல். அதில் எறிபொருள் வந்ததும் எங்கள் மாடியில் இந்தக் கேள்வி ஆரம்பித்துவிடும். "மிஸ், இந்த சம்முக்கு எந்த ஃபார்முலா?" கேட்கிற பிள்ளை கேள்வியின் இரண்டாவது வரியைக்கூடப் படித்திருக்காது. கையில் மூன்று சாவி இருக்கிறது, எது இந்தப் பூட்டுக்கு என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்கிற அவசரம்.

விருதுநகரில் வீட்டு மாடித் தகரக் கொட்டகையில் டியூஷன் எடுக்கிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் மட்டும். எறிபொருள் நடத்தும்போது எனக்கென்று ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் மூன்று சூத்திரங்களை, அதாவது பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் மூன்றையும், பாடம் முடியும் வரை யாரும் தொடக் கூடாது. பெற்றோர் சிலருக்கு இது பிடிப்பதில்லை. "மத்த சென்டர்ல ஃபார்முலா ஷீட்டே லேமினேட் பண்ணிக் குடுக்கிறாங்களே மிஸ்" என்று ஒரு அப்பா கேட்டார். கொடுக்கட்டும். பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம்.

சூத்திரத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அவற்றில் பறக்கும் நேரமும் நெடுக்கமும் ஒரே ஒரு ஏற்பாட்டுக்குத்தான் பொருந்தும். தரையிலிருந்து எறிந்த பொருள் அதே மட்டத்துக்குத் திரும்பி வந்து விழ வேண்டும். மாடியிலிருந்து எறிந்தால் பொருந்தாது. மேட்டில் போய் விழுந்தால் பொருந்தாது. கேள்வி தயாரிக்கிறவருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வழக்கமாக நான் முதலில் போடும் கணக்கு இது. 15 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், கிடைத்தளத்துக்கு 30 டிகிரி மேல்நோக்கி எறிகிறோம். கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் தரையில் விழும்? ஜி-யின், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின், மதிப்பு 10.

சாவிக்காரர்கள் உடனே நெடுக்கச் சூத்திரத்தை எடுப்பார்கள். வேகத்தின் இருமடி 400, சைன் 60 என்பது 0.866, பத்தால் வகுத்தால் 34.6 மீட்டர். நாலு விடைகளில் முதல் விடையே 34.6 என்று இருக்கும்படி நான்தான் போட்டு வைத்திருப்பேன். சந்தோஷமாக டிக் அடித்துவிட்டுப் பேனாவை மூடி வைப்பார்கள்.

சரி, இப்போது சூத்திரம் இல்லாமல். ரஃப் நோட்டில் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'கிடைத்தளம்', வலப்பக்கம் 'செங்குத்து'. வலப்பக்கத் தலைப்பில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுப் பக்கத்தில் பிளஸ். அந்த அம்புக்குறி போடாத நோட்டை நான் திருத்த மாட்டேன். இடப்பக்கம்: வேகம் 20 காஸ் 30, அதாவது 17.3. முடுக்கம் சுழி. வலப்பக்கம்: தொடக்க வேகம் 20 சைன் 30, அதாவது பிளஸ் 10. முடுக்கம் மைனஸ் 10. இடப்பெயர்ச்சி மைனஸ் 15, ஏனென்றால் பந்து கடைசியில் கிளம்பிய இடத்துக்குக் கீழேதான் இருக்கிறது. நேரத்தை மட்டும் எந்தப் பக்கமும் எழுதக் கூடாது. அதை நடுக்கோட்டின் மேலேயே எழுத வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சொத்து அது ஒன்றுதான். மற்றபடி இடப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று வலப்பக்கத்துக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வலப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், நேரத்தை 'டி' என்று வைத்து, −15 = 10டி − 5டி². ஐந்தால் வகுத்து ஒழுங்குபடுத்தினால் டி² − 2டி − 3 = 0. டி = 3 அல்லது −1. மூன்று வினாடியை இடப்பக்கம் கொண்டுபோய் 17.3-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 52 மீட்டர். சூத்திரம் சொன்ன 34.6 எங்கே போயிற்று? அது இரண்டு வினாடிக் கணக்கு. இரண்டாவது வினாடியில் பந்து மாடி மட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கும், தரையை இன்னும் தொட்டிருக்காது. பாக்கி ஒரு வினாடியில் அது போகும் 17.3 மீட்டர்தான் விடையில் விடுபட்டது. இதைக் கழித்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஒரு சின்ன அதிர்ச்சி தெரியும். எனக்கு அந்த முகம் பிடிக்கும்.

அந்த −1 இருக்கிறதே, அதை எல்லா கைடும் 'நேரம் எதிர்க்குறியாக இருக்க முடியாது, எனவே நீக்குக' என்று ஒரே வரியில் தள்ளிவிடும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த வேருக்கும் ஒரு கதை இருக்கிறது. பந்து எறியப்படுவதற்கு ஒரு வினாடி முன்னால் அது இதே பாதையில் எங்கே இருந்திருக்கும் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். தரையில் இருந்திருக்கும். அப்போது அதன் மேல்நோக்கிய வேகம் 20 ஆக இருந்திருக்கும். தரையிலிருந்து 20 மேல்நோக்கிக் கிளம்பியது 4 வினாடி பறக்க வேண்டும். −1 முதல் 3 வரை எண்ணிப் பார்த்தால் அதே 4. சமன்பாட்டுக்கு மாடியும் தெரியாது, எறிந்தவரையும் தெரியாது. பாதையை மட்டும்தான் அது பார்க்கிறது. தரையை அந்தப் பாதை வெட்டும் இரண்டு இடத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட்டது.

குறி மாறினால் நடப்பது இன்னும் சுவாரசியம். போன வருடம் ஒரு பையன் மைனஸ் 15-க்குப் பதில் பிளஸ் 15 போட்டுவிட்டு, "மிஸ், ரூட்டுக்குள்ள மைனஸ் வருது, சம் தப்பு" என்றான். டி² − 2டி + 3 = 0, உள்ளே 4 − 12. நான் அழிக்கவிடவில்லை. "நீ என்ன கேட்டிருக்கே பாரு. பந்து மாடிக்கு மேல பதினஞ்சு மீட்டர்ல எப்ப இருக்கும்னு கேட்டிருக்கே. அது மாடிக்கு மேல அஞ்சு மீட்டர்தான் ஏறும். எப்பவுமே அங்க இருக்காதுனு கணக்கு பதில் சொல்லுது" என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்ப மேத்ஸ்ல சொல்ற கற்பனை எண் இதுதானா மிஸ்?" என்று கேட்டான்.

இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது என்பதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். நாணயம் போட்டுத்தான் காட்ட வேண்டும். பெஞ்சின் விளிம்பில் ஒரு மர ஸ்கேலைச் சாய்வாக வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம். இன்னொன்று பெஞ்சின் மேல், ஸ்கேலுக்கு முன்னால், விளிம்பை ஒட்டி. ஸ்கேலைப் பக்கவாட்டில் விரலால் சட்டென்று சுண்டினால், நுனியில் இருந்தது அடியிலிருந்து ஸ்கேல் நழுவிப்போக நேராகக் கீழே விழும். மற்றது தள்ளுப்பட்டு வெளியே பறந்து தூரத்தில் விழும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்வேன். சிமெண்ட் தரையில் ஒரே ஒரு 'டங்'. எங்கள் பெஞ்ச் முக்கால் மீட்டர் உயரம். விழ ஆகும் நேரம் 0.39 வினாடி, இரண்டுக்கும். "அது அவ்ளோ தூரம் போகுதே, எப்படி மிஸ் ஒரே நேரம்?" என்று யாராவது கேட்பார்கள். வேகமாகச் சுண்டு, மெதுவாகச் சுண்டு என்று அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். அப்புறம் அரை மணி நேரம் பாடம் நடக்காது. ஸ்கேலும் ஒன்றிரண்டு உடையும்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பெஞ்சிலிருந்து உருண்டு விழும் கோலியின் பாதையை வரையச் சொன்னால், கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் வளைந்து, கடைசியில் செங்குத்தாக விழுவது போல் வரைகிறவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. கிட்டத்தட்ட இதே படத்தைத்தான் 1537-இல் இத்தாலியக் கணித அறிஞர் தார்தாக்லியா பீரங்கிக் குண்டுக்கு வரைந்தார். சாய்வாக ஒரு நேர்கோடு, ஒரு வட்ட வில், பிறகு நேராகக் கீழே ஒரு கோடு. எறிந்த கை கொடுத்த விசை பொருளுக்குள் இருக்கிறது, அது தீரும் வரை நேராகப் போகும், தீர்ந்ததும் விழும் என்கிற பழைய எண்ணத்தின் படம் அது. அப்படி வரைந்தவர்தான் 45 டிகிரியில் எறிந்தால் அதிக தூரம் போகும் என்பதையும் சரியாகச் சொன்னார். கலிலியோ 1608 வாக்கில் சாய்தளத்தில் பந்தை உருட்டி மேசையிலிருந்து கிடைத்தளமாக வெளியே விட்டு, எங்கே விழுகிறது என்று அளந்து குறித்த தாள்கள் இன்றும் இருக்கின்றன. பாதை பரவளையம் என்று நிறுவிய அவருடைய புத்தகம் லைடனில் அச்சாகி வந்தது 1638-இல். ஆக, நம் பிள்ளை வரையும் படத்துக்கும் சரியான படத்துக்கும் இடையில் நூறு வருடம் இருக்கிறது. ஒரே சாயங்காலத்தில் தாண்டவில்லை என்று கோபப்பட்டால் எப்படி?

அந்தப் பழைய எண்ணத்தின் வால் இன்னொரு இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். "உச்சியில் பந்தின் வேகம் எவ்வளவு?" என்றால் மொத்த மாடியும் "சுழி" என்று பாடும். நம்ம கணக்கில் உச்சியில் வேகம் 17.3. செங்குத்துக் கூறு மட்டும்தான் சுழி. முடுக்கம் அங்கேயும் கீழ்நோக்கி அதே 10. வேகமும் முடுக்கமும் இரண்டுமே உச்சியில் சுழி என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும், யாராவது ஏணி வைத்து எடுக்க வேண்டும்.

எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியும் இந்தப் பாடத்துக்கு உதவியிருக்கிறது. தொட்டி நிரம்பினால் வெளியேறும் குழாய் பக்கத்து வீட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தால் போச்சு. தண்ணீர் சுவரைத் தாண்டிப் போய் அந்த வீட்டு அக்கா வத்தல் காயப்போட்டிருக்கும் இடத்தில் விழும். "டீச்சரம்மா, ஒங்க வீட்ல மழை, எங்க வீட்ல வெள்ளம்" என்று அவர் மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்த மறுநாள், டேப்பை எடுத்துக் கொடுத்துப் பிள்ளைகளை அளக்கச் சொன்னேன். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், டேப் மட்டும். குழாய் வாயிலிருந்து தரை வரை 4.8 மீட்டர். விழ ஆகும் நேரம் ஒரு வினாடிக்கு ஒரு இம்மி குறைவு. குழாய் வாய்க்கு நேர்கீழான இடத்திலிருந்து ஈரம் 1.4 மீட்டர் தள்ளி இருந்தது. ஆக, தண்ணீர் வெளியேறும் வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர். குழாய்க்குள் எட்டிப் பார்க்காமலேயே தரையில் இருக்கும் ஈரத்தை வைத்து உள்ளே ஓடும் வேகத்தைச் சொல்லிவிட்டோம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

சுவர் ஒரு மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. நம் பக்கத்திலேயே விழ வைக்க என்ன செய்யலாம்? குழாயை உயர்த்தலாம் என்றான் ஒருவன். நேரம் கூடும், இன்னும் தள்ளித்தான் போய் விழும் என்று பக்கத்தில் இருந்தவளே மடக்கிவிட்டாள். அவள் சொன்ன வழி: ஒரு இஞ்ச் குழாய்க்குப் பதில் ஒன்றரை இஞ்ச். குழாய் நிறைந்து ஓடுவதாக வைத்துக்கொண்டால் பரப்பு 2.25 மடங்கு, வேகம் 0.62 ஆகக் குறையும், 62 சென்டிமீட்டரிலேயே விழுந்துவிடும். கணக்கு கச்சிதம். மறுநாள் வந்த பிளம்பர் எதையும் அளக்கவில்லை. குழாய் வாயில் ஒரு எல்போவை மாட்டிக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டுப் போய்விட்டார். "கிடைத்தளக் கூறையே காலி பண்ணிட்டாரு மிஸ்" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அந்த 45 டிகிரி விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் இருக்கிறது, மனப்பாடமும் ஆகிவிடுகிறது. ஆனால் அதற்கும் அதே நிபந்தனை, கிளம்பிய மட்டத்திலேயே விழ வேண்டும். இந்த வருடம் என்னிடம் படிக்கும் ஒரு பெண் குண்டு எறிகிறவள், 9 மீட்டர் பக்கம் எறிவாள். 45 டிகிரிதான் சிறந்தது என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். குண்டு கையை விடும் உயரத்தை அளந்தோம், 1.7 மீட்டர். வேகம் வினாடிக்கு 8.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். ஜி-க்கு இந்த முறை 9.8. வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து ஆளுக்கு ஒரு கோணம் கொடுத்தேன். எல்லாம் அதே நடுக்கோட்டு முறைதான். 35 டிகிரிக்கு 9.00 மீட்டர், 40-க்கு 9.09, 45-க்கு 8.98, 50-க்கு 8.66.

45-ஐ 40 மட்டுமல்ல, 35-உம் முந்திவிட்டது. 45 குழு இரண்டு தடவை திரும்பப் போட்டுப் பார்த்தது, நம்ப முடியாமல். காரணம் எளிது. குண்டு கிளம்பிய மட்டத்துக்குத் திரும்பி வந்த பிறகும் விழுவதற்கு 1.7 மீட்டர் பாக்கி இருக்கிறது. அந்த உபரி நேரத்தில் கிடைத்தள வேகம் அதிகமாக இருப்பவருக்கு லாபம். அதனால் கோணத்தைக் கொஞ்சம் தாழ்த்துவது நல்லது. வேகம் கூடக்கூட இந்த உயரத்தின் பங்கு சிறுத்துச் சிறந்த கோணம் 45-ஐ நோக்கி நகரும். ரையன் க்ரௌசர் 2023-இல் 23.56 மீட்டர் எறிந்து உலக சாதனை வைத்தாரே, அந்த மாதிரி வேகத்துக்குக் கணக்கு 42 டிகிரிக்குப் பக்கம் வரும். ஆனால் பெரிய வீரர்கள் அதைவிடவும் தாழ்வாக, 40-க்கும் கீழேதான் எறிகிறார்கள். அதற்குக் காரணம் இயற்பியல் புத்தகத்தில் இல்லை, தோளில் இருக்கிறது. மேல்நோக்கித் தள்ளத் தள்ள, கை கொடுக்கக்கூடிய வேகம் குறைகிறது. கோணத்தை மாற்றினாலும் வேகம் மாறாது என்று வைத்துக்கொள்வது நம் வசதிக்காக. குண்டு எறிகிற பெண் இதைக் கேட்டுவிட்டு, "அதான் மிஸ், மேல பார்த்து எறிஞ்சா எனக்குத் தோள் வலிக்கும்" என்றாள்.

ஈட்டி இந்தக் கணக்குக்குள் அடங்காது. நீரஜ் சோப்ரா டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்த பிறகு அதைவைத்து சம் போடாத ஆசிரியர் இருக்க மாட்டார், நானும் போட்டேன். ஆனால் ஈட்டியைக் காற்று தாங்குகிறது, திருப்புகிறது. கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 1984-இல் 104.80 மீட்டர் எறிந்தபோது, மைதானமே போதாமல் போய்விடும் என்ற பயம் வந்தது. 1986 முதல் ஆண்களுக்கான ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி, சீக்கிரம் மூக்கு தாழ்ந்து விழும்படி மாற்றிவிட்டார்கள். எடை அதே 800 கிராம்தான். 'காற்றுத் தடையைப் புறக்கணிக்க' என்று கேள்வியில் இருக்கும் மூன்று சொல்லை யாரும் படிப்பதில்லை. அந்த மூன்று சொல்லை எடுத்துவிட்டால் பரவளையமே கிடையாது. குண்டுக்கு அது பொருந்தும், ஏனென்றால் அது கனம், வேகமும் குறைவு. ஈட்டிக்குப் பொருந்தாது. சிக்ஸர் போகும் கிரிக்கெட் பந்துக்கும் பொருந்தாது, அது காற்றில் நிறையவே இழக்கிறது.

கடைசியாக நான் கொடுப்பது மாங்காய்க் கணக்கு. உலகமெல்லாம் இதைக் குரங்கையும் வேட்டைக்காரனையும் வைத்துச் சொல்கிறார்கள், எனக்குக் குரங்கைச் சுட மனசு வரவில்லை. 12 மீட்டர் தள்ளி இருக்கும் மரத்தில் 9 மீட்டர் உயரத்தில் ஒரு மாங்காய். தரை மட்டத்திலிருந்து கவண் வைத்துக் கல் விடுகிறோம். கல் கிளம்பும் அதே கணத்தில் காம்பு அறுந்து மாங்காய் விழ ஆரம்பிக்கிறது. எங்கே குறி வைக்க வேண்டும்? "கீழ வைக்கணும் மிஸ், அதான் விழுதே" என்பார்கள் பாதிப் பேர். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் நேராக மாங்காயைப் பார்த்தே விடச் சொல்வேன். கூறுகள் 12, 9. ஒரு வினாடியில் கல் மரத்தடி தூரத்தை எட்டிவிடும். உயரம் 9-இலிருந்து 5 போக 4. மாங்காயும் 9-இலிருந்து 5 விழுந்து 4-இல். அடி. இருவரும் ஒரே அளவு விழுகிறார்கள், அதனால் விழுவதை மறந்துவிட்டு நேராகக் குறி வைத்தால் போதும்.

வேகம் எவ்வளவாக இருந்தாலும் படுமா என்று கேட்டால் எல்லோரும் படும் என்பார்கள். 10-ஆக வைத்துப் போட்டுப் பாருங்கள். கூறுகள் 8, 6. மாங்காய் தரைக்கு வர 1.34 வினாடி. நடுக்கோடு போட்டு, அம்புக்குறி போட்டு, கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.